பதினாறு பல்பு வெளிச்சம்

பல்லாவரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் சினிமாவுக்குப் பஞ்சமில்லை. குரோம்பேட்டையில் வெற்றி, தாம்பரத்தில் வித்யா, எம்.ஆர். என்று பழகிய பெயர்கள். வேளச்சேரிப் பக்கம் திரும்பினால் மால், மாலுக்குள் ஐமேக்ஸ். முதல் நாள் முதல் காட்சிக்கு வரும் கூட்டம் கட்அவுட்டைப் பார்க்கும், பேனரைப் பார்க்கும், பாப்கார்ன் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடும். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, தலைக்குப் பின்னால் மேலே சுவரில் இருக்கும் சின்னக் கண்ணாடி ஜன்னலை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. படம் வருவதே அங்கிருந்துதான்.

அந்த ஜன்னல் வழியாக எவ்வளவு வெளிச்சம் வர வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்க ஒரே கணக்கு. சாதாரண வெள்ளைத் திரை என்றால், முழு வெள்ளைக் காட்சியில் சதுர அடிக்கு 14 லூமென் விழ வேண்டும். தொழில் மொழியில் 14 ஃபுட்-லாம்பர்ட். நம் ஃபோன் விளம்பரங்களில் வரும் ‘நிட்’ கணக்கில் சொன்னால் 48. இதைப் படித்துக்கொண்டிருக்கும் ஃபோனின் திரை 500 நிட் வரை சுலபமாகப் போகும். அதாவது தியேட்டர் திரையைவிடக் கையில் இருக்கும் ஃபோன் பத்து மடங்கு பளிச்சென்று எரியும். முன் வரிசைக்காரர் படத்தின் நடுவே வாட்ஸ்அப் திறந்தால் பின்னால் இருப்பவருக்குக் கண் கூசுவதில் வியப்பில்லை.

ஐம்பது அடி அகலம், இருபத்தோரு அடி உயரம் கொண்ட ஒரு திரையை எடுத்துக்கொள்வோம். 1,050 சதுர அடி. பதினாலால் பெருக்கினால் 14,700 லூமென். வீட்டில் மாட்டும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று சுமார் 900 லூமென் தரும். கணக்குப் போட்டால் பதினாறு பல்பு. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்கூட இதைவிட அதிகம் எரியும். மொத்தம் 150 வாட்டுக்குள் முடிந்துவிடுகிற வேலை.

ஆனால் இதே திரைக்கு, செனான் விளக்கு போட்ட புரொஜெக்டரில் விளக்கு மட்டுமே மூவாயிரம் நாலாயிரம் வாட் இழுக்கும். ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு ஓடுகிற கரண்ட். பதினாறு பல்பு வெளிச்சத்துக்கு ஏன் இத்தனை செலவு? மீதி எங்கே போகிறது? புரொஜெக்டர் தயாரிப்பவர்கள் பல ஆண்டுகளாக முட்டி மோதுவது இந்த ஒரு கேள்வியோடுதான். டிக்கெட் வாங்கியவருக்குப் படம் தெளிவாகத் தெரிவதும் மங்கலாகத் தெரிவதும் இதற்குள்தான் அடக்கம்.

பதினாறு பல்பையே உள்ளே வைத்துவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். முடியாது. ஏன் என்பதை ஒரு பூதக்கண்ணாடி சொல்லிவிடும். மே மாத வெயிலில் மொட்டை மாடியில் பூதக்கண்ணாடியைப் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்காத பிள்ளை இல்லை. அதே கண்ணாடியைக் கூடத்து ட்யூப் லைட்டுக்குக் கீழே எத்தனை நேரம் பிடித்தாலும் காகிதம் சூடுகூட ஆகாது. ட்யூப் லைட்டின் வெளிச்சம் நீளமான குழாய் முழுவதிலிருந்தும், எல்லாத் திசையிலும் சிதறி வருகிறது. அப்படிச் சிதறிய ஒளியை எந்த லென்ஸாலும் ஒரு புள்ளிக்குள் திணிக்க முடியாது. இடத்தைச் சுருக்கினால் கோணம் விரியும். கோணத்தைச் சுருக்கினால் இடம் விரியும். இயற்பியலில் இதற்கு ‘எட்டாந்து’ என்று ஒரு பிரெஞ்சுப் பெயர். பெயர் மறந்தால் பரவாயில்லை. மாலை ஏழு மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் யூனிட் ரயில் வந்து நின்றதும் பிளாட்பாரம் முழுக்கப் பரவி இறங்குகிற கூட்டம், மேம்பாலப் படிக்கட்டின் வாயில் என்ன ஆகிறது என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

புரொஜெக்டருக்குள் அந்தப் படிக்கட்டு வாய் ஒரு சின்னச் சில்லு. இன்றைய 2கே சினிமா புரொஜெக்டரில் படத்தை உருவாக்கும் சில்லின் பெரிய வகை 28 மில்லிமீட்டர் அகலமும் 15 மில்லிமீட்டர் உயரமும்தான். தபால் தலையில் பாதி. திரையின் மேல் விழும் அத்தனை வெளிச்சமும், அதுவும் ஒரு குறுகிய கோணத்துக்குள் அடங்கி, இந்த இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பல்பு எத்தனை லூமென் தருகிறது என்பது இங்கே இரண்டாம் பட்சம். எவ்வளவு சின்ன இடத்திலிருந்து தருகிறது என்பதே முதல் கேள்வி.

சினிமாவின் விளக்குச் சரித்திரமே இந்தச் சின்ன இடத்தைத் தேடிய சரித்திரம்தான். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை விலைக்கு வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார். 1914ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பின்னால் வந்த தியேட்டர் தலைமுறைக்கு வாய்த்தது கார்பன் விளக்கு. இரண்டு கார்பன் குச்சிகளை நுனியோடு நுனி நெருக்கி வைத்து, இடையில் மின்சாரம் பாய்ச்சி, அந்த இடைவெளியில் எரியும் வெள்ளைப் பிழம்பு. குச்சி எரிந்து தேயத் தேய ஆபரேட்டர் இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மஞ்சளாகும், இன்னும் அசந்தால் இருட்டாகும், கீழேயிருந்து விசில் பறக்கும். அந்த விசில் ஆபரேட்டருக்குத்தான் என்று அன்று எல்லோருக்கும் தெரியும். இன்று திரை மங்கினால் திட்டு விழுவது ஒளிப்பதிவாளருக்கு.

1950களில் ஜெர்மனியிலிருந்து செனான் விளக்கு வந்தது. தடித்த குவார்ட்ஸ் குமிழுக்குள் செனான் வாயுவை அழுத்தி அடைத்து, இரண்டு முனைகளுக்கிடையே சில மில்லிமீட்டர் இடைவெளியில் வெளிச்சத்தை உண்டாக்குவது. எரியாமல் இருக்கும்போதே உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால், மாற்றுகிறவர் முகக் கவசம் போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். சூரியனை ஒரு குப்பியில் அடைத்த மாதிரி. பொட்டு அளவு இடத்திலிருந்து வரும் ஒளி என்பதால் குவிக்க வசதி. அரை நூற்றாண்டு சினிமா இந்தப் பொட்டில்தான் ஓடியது.

ஆனாலும் பாதையில் கொட்டிப் போவது நிறைய. விளக்கு உமிழ்வதில் பெரும் பகுதி கண்ணுக்குத் தெரியாத வெப்பம். அதை வடிகட்டி, குழாய் வைத்து வெளியேற்ற வேண்டும். மிஞ்சிய ஒளியைக் குழிந்த ஆடி ஒன்று வாரி எடுத்து ஒரு கண்ணாடித் தண்டுக்குள் அனுப்பும். தண்டின் சுவர்களில் திரும்பத் திரும்ப மோதி ஒளி கலந்து சமமாகும். இல்லாவிட்டால் திரையின் நடுவில் நிலா மாதிரி ஒரு வட்டமும் மூலைகளில் அந்தியும் தெரியும். மூலைகள், நடுப்பகுதியின் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது என்பது தொழில் விதி. அடுத்து முப்பட்டகம், அது வெள்ளை ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரித்து மூன்று சில்லுகளுக்கு அனுப்பும். பிறகு லென்ஸ். கடைசியாக அந்தக் கேபின் ஜன்னல் கண்ணாடி.

சில்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 1987ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்தது. அதன் மேல் நிற்பவை கண்ணாடிகள். நிஜமாகவே முகம் பார்க்கிற மாதிரிக் கண்ணாடிகள், ஆனால் ஒன்றின் அகலம் தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. 2கே சில்லில் 22 லட்சம், 4கே சில்லில் 88 லட்சம். ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். லென்ஸ் பக்கம் சாய்ந்தால் திரையில் வெள்ளை. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஒளி ஒரு கரிய தொட்டியில் விழும், திரையில் கருப்பு. இடைப்பட்ட சாம்பல் எல்லாம், எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் என்கிற கணக்கு. 1999ல் ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் பாகம் அமெரிக்காவில் நான்கே தியேட்டர்களில் ஃபிலிம் இல்லாமல் ஓடியபோதுதான் உலகம் இதைக் கவனித்தது. 2015ல் ஹார்ன்பெக்கின் கையில் ஆஸ்கர். நடிக்காமல், பாடாமல், கண்ணாடி சாய்த்து வாங்கிய ஆஸ்கர்.

இனி கண்ணாடிக் கணக்கு. எந்தப் பூச்சும் இல்லாத சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கைத் திருப்பி அடித்துவிடும். நாலுதானே என்று தோன்றும். ஒரு புரொஜெக்டர் லென்ஸுக்குள் பன்னிரண்டு கண்ணாடிகள் இருந்தால் பரப்புகள் இருபத்துநான்கு. ஒவ்வொன்றிலும் நாலு நாலாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் வெளியேறுவது நூற்றுக்கு 37 சொச்சம். மீதி வீண் என்பதோடு நிற்பதில்லை. திருப்பி அடிக்கப்பட்ட ஒளி உள்ளேயே அலைந்து, கருப்பாக இருக்க வேண்டிய இடத்தில் போய் விழுந்து அதைச் சாம்பலாக்கும். அதனால்தான் லென்ஸ்களுக்கு மெல்லிய எதிரொளித் தடுப்புப் பூச்சு. பரப்புக்கு அரை சதவீதமாக இழப்பைக் குறைத்தால் அதே லென்ஸில் நூற்றுக்கு 88 தேறும். கேமரா லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் பச்சையுமாக மின்னுகிறதே, அந்தப் பூச்சுதான்.

சரி, இத்தனை செலவு செய்து வாங்கிய லென்ஸுக்கு முன்னால் கேபின் ஜன்னலில் என்ன கண்ணாடி இருக்கிறது? பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடி என்றால் இரண்டு பரப்பிலும் சேர்த்து எட்டு சதவீதம் அங்கேயே போச்சு. அதன் மேல் ஜி.எஸ்.டி. சாலையின் புழுதி ஒரு படலம் படிந்திருந்தால் எவ்வளவு போகும் என்பது துடைக்கிறவருக்குத்தான் தெரியும். கோடி ரூபாய் தொழில்நுட்பத்தின் கடைசி வாசற்படி, ஒரு துணியும் ஒரு ஆளும்.

எல்லாம் கழிந்து திரைக்கு வருவது, செனான் புரொஜெக்டரில் வாட்டுக்கு ஐந்தாறு லூமென். எல்.இ.டி. பல்பு வீட்டில் வாட்டுக்கு நூறு தருகிறது. பதினாறு பல்பின் புதிர் இவ்வளவுதான்.

இதோடு நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் சேருகிறது. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் ஸ்கோப். 1973ல் ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தபோது, ஃபிலிமில் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிவு செய்து, தியேட்டரில் விசேஷ லென்ஸ் போட்டு விரித்தார்கள். ஃபிலிமின் முழு உயரமும் பயன்பட்டது. டிஜிட்டலில் பெரும்பாலும் அப்படி இல்லை. சில்லின் 1,080 வரிசைக் கண்ணாடிகளில் ஸ்கோப் படம் 858 வரிசையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மேலும் கீழும் உள்ள மிச்சக் கண்ணாடிகள் காட்சி முழுவதும் எதிர்ப்பக்கம் சாய்ந்தே கிடக்கும். அவற்றின் மேல் விழுகிற இருபது சதவீத ஒளி தொட்டிக்குப் போகிறது.

அதோடு போயிற்றா? பழைய ஒற்றைத் திரை அரங்குகளில் பக்கவாட்டுத் திரைச்சீலை விலகித் திரை அகலமாகும் அழகைப் பார்த்திருப்பீர்கள். அங்கே உயரம் மாறாது, அகலம் கூடும். அந்த அகலத்துக்கு லென்ஸை ஜூம் செய்தால் அதே வெளிச்சம் ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான பரப்பில் பரவ வேண்டியதாகிறது. சதுர அடிக்கு 14 என்று இருந்தது ஒன்பதுக்கும் கீழே இறங்கிவிடும். ஸ்கோப்புக்கு என்று தனியாக விளக்கின் அளவைக் கூட்டிப் பதிவு செய்து வைத்திருந்தால் பிரச்னை இல்லை. வைக்காவிட்டால் கார்பன் காலத்து மங்கல் திரும்பி வரும், விசில் மட்டும் வராது. முப்பரிமாணப் படம் என்றால் இன்னும் மோசம். ஒளி ஒரு தடவை புரொஜெக்டர் பக்கம் வடிகட்டப்படுகிறது, இன்னொரு தடவை மூக்குக் கண்ணாடியில். 14க்குப் பதில் 4.5 கிடைத்தாலே போதும் என்று தொழிலே இறங்கி வந்த கதை அது. 2011ல் அமெரிக்காவின் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ், முப்பரிமாண லென்ஸைக் கழற்றாமலே சாதாரணப் படங்களை ஓட்டி இருட்டாக்குகிறார்கள் என்று எழுதியபோது அந்த ஊரும் குமுறியது. ஆக இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல.

இதற்குப் பலியாவது யார்? ‘நாயகன்’ படத்துக்காக பி.சி.ஸ்ரீராம் தேசிய விருது வாங்கினார்; அந்தப் படத்தின் அழகே நிழலில் இருக்கிறது. மணிரத்னம் படமா, டார்ச் லைட் எடுத்துக்கொண்டு போ என்று கேலி செய்த தலைமுறை, தன் ஊர்த் தியேட்டரில் எரிந்த விளக்கு எத்தனை நாள் பழசு என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. 2019ல் வந்த ‘கைதி’ ஒரே இரவில் நடக்கும் கதை. லாரியும் காடும் ஹெட்லைட்டும்தான். சரியான வெளிச்சத்தில் அந்த இருட்டுக்குள் பத்து விதமான கருப்பு தெரியும்; மங்கிய விளக்கில் ஒரே கருப்பு, அதற்குள் சத்தம் மட்டும்.

வெளிச்சத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. இங்கேதான் லென்ஸ் வடிவமைப்பவர்களின் தலைவலி. ஒளிப் பாதையின் வாயை அகலமாகத் திறந்தால் அதிக வெளிச்சம் வரும். கூடவே கண்ணாடிகளின் ஓரங்களிலும் இடுக்குகளிலும் பட்டுச் சிதறும் வேண்டாத ஒளியும் வரும். கருப்பு வெளுக்கும். வாயைக் குறுக்கினால் கருப்பு நன்றாகக் கறுக்கும், வெளிச்சம் குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும். விளம்பரப் பலகையில் லூமென் எண்ணைப் பெரிதாகப் போடுகிறவர்கள் இந்தப் பேரத்தைச் சொல்வதில்லை. கண்ணுக்குப் படம் ‘பளிச்’ என்று தெரிவது வெள்ளையால் மட்டும் அல்ல, பக்கத்தில் இருக்கும் கருப்பாலும்தான்.

அரங்கின் சுவருக்கும் இதில் பங்கு உண்டு. திரையிலிருந்து திரும்பும் ஒளி வெளிர் நிறச் சுவரில் பட்டு மறுபடி திரைக்கே வந்து கருப்பைக் கெடுக்கும். அடர் சிவப்பு, கருநீலம், கருப்பு என்று சுவருக்குப் பூசுவது அதற்காக. அத்தனையும் செய்து வைத்த பிறகு தலைவர் என்ட்ரிக்கு நூறு ஃபோன் டார்ச் ஒன்றாகக் கிளம்பும். அந்த நிமிடத்தில் கருப்பு எது, வெள்ளை எது என்று யாருக்கும் கவலை இல்லை, இருக்கவும் வேண்டாம். அது திருவிழா.

லேசர் வந்த பிறகு பூதக்கண்ணாடிப் பிரச்னை பெருமளவு தீர்ந்தது. லேசர் ஒளி ஊசி முனை போன்ற இடத்திலிருந்து, விரியாமல் வருகிறது. ஸ்டேஷன் கூட்டம் இல்லை, வரிசையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள். சில்லின் சின்ன வாய்க்குள் ஏறக்குறைய முழுதாகப் போய்விடும். ஒரு வகையில் நீல லேசரை மஞ்சள் பாஸ்பர் சக்கரத்தில் பாய்ச்சி மற்ற நிறங்களை எடுப்பார்கள், எல்.இ.டி. பல்பு வெள்ளையாக எரிவதும் இதே உத்தியில்தான். விலை கூடிய வகையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி லேசர். அதில் நிறங்கள் அள்ளும். ஆனால் திரையில் மணல் தூவிய மாதிரி ஒரு மினுமினுப்பு வரும், அதை ஒழிக்கத் தனியாகப் பாடுபட வேண்டும். செனான் விளக்கு ஆயிரம் மணி நேர வாக்கில் மாற்ற வேண்டியது. தினம் நாலு காட்சி, காட்சிக்கு மூன்று மணி நேரம் என்றால் மூன்று மாதத்துக்கும் குறைவு. மாற்றும் நாள் நெருங்க நெருங்க மங்கிக்கொண்டே போகும். லேசர் இருபதாயிரம் மணி நேரம் என்கிறார்கள், நாலரை வருஷம். அதுவும் மங்கும், ஆனால் நிதானமாக. கரண்ட் பில்லும் ஏ.சி. சுமையும் குறையும்.

பிறகு ஏன் எல்லாத் தியேட்டரிலும் லேசர் இல்லை? பணம் யார் போடுவது என்கிற பழைய கேள்விதான். தமிழ்நாட்டில் ஃபிலிம் பெட்டி போய் டிஜிட்டல் வந்தபோது, புரொஜெக்டரையும் சர்வரையும் பல தியேட்டர்களுக்குக் கொண்டுவந்து வைத்தவர்கள் டிஜிட்டல் சேவை நிறுவனங்கள். அவற்றில் முக்கியமானது சென்னையிலேயே பிறந்தது. 1986ல் செந்தில்குமாரும் ஜெயேந்திரா பஞ்சாபகேசனும் தொடங்கிய ரியல் இமேஜ், பிற்பாடு க்யூப். சிறிய ஊர்களின் பல திரைகளுக்கு 2கே தரத்துக்குக் கீழே உள்ள ‘இ-சினிமா’ புரொஜெக்டர்களே போயின. போட்ட முதலைத் தயாரிப்பாளர்களிடமிருந்து படத்துக்கு இவ்வளவு என்று வசூலித்தார்கள். எத்தனை காலத்துக்குத்தான் கட்டுவது என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். 2018 மார்ச் 1 முதல் தமிழில் புதுப்படமே வெளியிடாமல் நிறுத்தினார்கள். ஏழு வாரம் கழித்து, ஏப்ரல் 20ல்தான் மறுபடி புதுப்படம் வந்தது. வந்த படம் ‘மெர்க்குரி’, வசனமே இல்லாத படம். அந்தச் சண்டையில் கட்டணம் பேசப்பட்டது, தவணை பேசப்பட்டது. திரையில் சதுர அடிக்கு எத்தனை லூமென் விழ வேண்டும் என்று டிக்கெட் வாங்குகிறவர் சார்பில் பேச அங்கே நாற்காலி இல்லை.

தியேட்டரை விட்டு வீட்டுக்கு வருவோம். செலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் அடுக்குமாடிகளில் ஐ.பி.எல். சீசன் வந்தால் மொட்டை மாடியில் ஒரு வெள்ளை வேட்டியோ சுவரோ திரையாகிறது. ஆன்லைனில் சில ஆயிரத்துக்கு வரும் புரொஜெக்டர், பெட்டியில் 9,000 லூமென் என்று போட்டிருக்கும். ஐம்பதடித் திரைக்கே 14,700தான் வேண்டும் என்று மேலே பார்த்தோம். கையடக்கப் பெட்டி 9,000 தருமா என்பதை யோசித்துக்கொள்ளலாம். இந்த வகைகளில் பல, ஒரு எல்.இ.டி.யையும் ஃபோன் திரை போன்ற ஒற்றை எல்.சி.டி. தகட்டையும் வைத்து ஓடுபவை. அந்தத் தகடு பாதி ஒளியைத் துருவமாக்கும்போதே விழுங்கும், மூன்றில் இரண்டு பங்கை நிற வடிகட்டியில் விழுங்கும், இன்னும் மிச்சத்தைக் கட்டங்களின் ஓரத்தில் விழுங்கும். நூற்றில் ஐந்து வெளியே வந்தால் பெரிது. சுவருக்கு வருவது 200 லூமென் என்று வைத்துக்கொள்ளலாம். ‘1080பி சப்போர்ட்’ என்பதும் இதே ரகம். அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று அர்த்தம். காட்டும் என்று அல்ல. தேட வேண்டிய சொற்கள் ‘ஆன்சி லூமென்’ அல்லது ‘ஐ.எஸ்.ஓ. லூமென்’, பிறகு ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’.

அந்த 200 லூமென் அப்படியொன்றும் உதவாதது அல்ல. 100 அங்குலப் படம் என்பது இரண்டே முக்கால் சதுர மீட்டர். அதில் 200 லூமென் விழுந்தால் 73 லக்ஸ். கூடத்தில் ட்யூப் லைட் எரிந்து, சுவரில் 100 லக்ஸ் ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தால், படத்தின் வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வித்தியாசம் 1.7 மடங்குதான். தோனி எது, ஸ்டம்ப் எது என்று தெரியாது. லைட்டை அணைத்தால் அதே படம் 23 நிட். தியேட்டர் அளவில் பாதி. புரொஜெக்டரைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் படத்தை 70 அங்குலமாகச் சுருக்கினால் 47 நிட். தியேட்டர் அளவே வந்துவிட்டது! பெரிய படம் வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சுவர் முழுக்க விரிக்கும் குடும்பத் தலைவர்களிடம் பிள்ளைகள் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

இன்னொன்று. புரொஜெக்டரைத் தரையில் வைத்து, கீழே ஒரு புத்தகத்தைச் செருகித் தலையை நிமிர்த்தினால் படம் மேலே அகன்று கீழே குறுகும். உடனே ரிமோட்டில் ‘கீஸ்டோன்’ அமுக்குவார்கள். படம் சதுரமாகிவிடும், உண்மைதான். ஆனால் ஓரத்துப் புள்ளிகளை அணைத்துத்தான் அது சதுரமாகிறது. சாய்வு அதிகமானால் கால்வாசி புள்ளிகளும் அவற்றின் வெளிச்சமும் போய்விடும், எழுத்தும் பிசிறடிக்கும். தியேட்டரில் கேபின் அத்தனை உயரத்தில் இருந்தும் படம் கோணாததற்குக் காரணம், பெரும்பாலும் அங்கே புரொஜெக்டரை அதிகம் சாய்ப்பதற்குப் பதில் லென்ஸை மட்டும் மேலும் கீழும் நகர்த்துவதுதான். வீட்டில் அந்த வசதி இல்லை என்றால் ஒரு ஸ்டூல் போதும், லென்ஸ் சுவருக்கு நேர் எதிரே, கையேட்டில் சொன்ன உயரத்தில் இருக்கிற மாதிரி.

வாங்கிய பெட்டி எவ்வளவு தருகிறது என்று அளக்கக் கடைக்காரரை நம்ப வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு ஃபோனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். ஃபோனின் ஒளி உணரி செல்ஃபி கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும். இருட்டில், முழு வெள்ளைப் படம் ஒன்றைச் சுவரில் போட்டு, ஃபோன் முகம் புரொஜெக்டரைப் பார்க்கிற மாதிரி சுவரோடு ஒட்டிப் பிடித்து, மேல் வரிசையில் மூன்று, நடுவில் மூன்று, கீழே மூன்று என ஒன்பது இடத்தில் அளவு எடுத்துச் சராசரி போட வேண்டும். தொழில்முறை அளவீட்டிலும் இதே ஒன்பது இடம்தான். படத்தின் நீள அகலத்தை மீட்டரில் அளந்து பரப்பால் பெருக்கினால் லூமென். ஃபோனின் உணரி ஆய்வுக்கூடக் கருவி அல்ல, கொஞ்சம் முன்னே பின்னே காட்டும். ஆனால் பெட்டியில் 9,000 என்று போட்டிருப்பது சுவரில் 190 என்று வந்தால் அது ஃபோனின் பிழையாக இருக்க முடியாது. ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் அளந்துவிட வேண்டும்.